கணினியிலிருந்து கூடத்து ஸ்பீக்கருக்கு: கம்பியில்லாத இசைத்தடம்

வீட்டுக் கணினியில் சேர்ந்து கிடக்கும் பாட்டுகளைக் கம்பி இழுக்காமல் கூடத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டு சேர்க்க இணைய இணைப்பு வேண்டியதில்லை என்பதை இந்த இயலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு குழப்பம் தீராததாலேயே பலர் இம்முயற்சியில் இறங்காமல் நின்றுவிடுகின்றனர். 'வைஃபை போயிடுச்சு' என்பதும் 'நெட் போயிடுச்சு' என்பதும் பேச்சில் ஒரே பொருளில் புழங்கினாலும் அவை இரு வேறு ஏற்பாடுகள். ரவுட்டர் என்னும் பெட்டி, வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றைத் தமக்குள் பேசிக்கொள்ள வைக்கும் சிறிய வானொலி வட்டம் ஒன்றை உண்டாக்குகிறது. அதே பெட்டி ஃபைபர் வழியாக வெளியுலகத்தோடும் தொடர்பு வைத்திருக்கலாம், வைத்திராமலும் இருக்கலாம். தெருவில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்துபோனால் வெளித்தொடர்புதான் போகுமே தவிர, வீட்டுக்குள் இருக்கும் வட்டம் பெட்டிக்கு மின்சாரம் கிடைக்கும்வரை உயிரோடு இருக்கும். கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரம் போல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய பகுதிக்கும், அதற்கு மேற்கே கல்வராயன் மலையில் கைப்பேசிக் கோபுரத்தின் சிக்னல் வந்தும் போயும் இருக்கும் சிற்றூர்களுக்கும் இந்த வேறுபாடு வேறு வேறு வகையில் பயன்படும். நகரத்தில் அலைகளின் நெரிசல் தொல்லை. மலையில் அலைவெளி காலியாக இருக்கிறது, நெட்தான் இல்லை. இரண்டு இடத்திலும் பாட்டு சொந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இந்த இயலில் சொல்லப்படும் ஏற்பாடு வேலை செய்யும்.

'ஹைஃபை' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் பகட்டு என்னும் பொருளுக்கு இடம்பெயர்ந்துவிட்டது; ஆங்கிலத்தில் அதன் மூலப்பொருள் மூலத்துக்கு விசுவாசமான ஒலி என்பதே. பாடகரின் குரலில் இருந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருகிற எந்தக் கருவியும் இந்தப் பெயருக்கு உரியது என்பதால், வெளிநாட்டுப் பெயர் பொறித்த விலையுயர்ந்த செட் இல்லாதவர்கள் இந்த இயலைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் ரேடியோ கடைக்காரர் கையால் சேர்த்துக் கட்டித் தந்த 'அசெம்பிள் செட்' இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் பாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே 4440 ஐ.சி. வைத்த சிறிய பலகையோ, டிரான்சிஸ்டர்கள் வரிசையாக நிற்கும் பெரிய பலகையோ எதுவாக இருந்தாலும், பின்புறத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகளோ 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையோ இருந்தால் அது போதும்.

கம்பியின்றி இசையை அனுப்பிக் கேட்பது தமிழ் மண்ணுக்குப் புதிதுமல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டில் ஒலிபரப்பவும் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டு, வீட்டில் ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கும்படி மெரினாவில் ஒலிபெருக்கிகள் வைத்தது. 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் சென்னைக்கு வந்தது. பின்னர் ஊர்தோறும் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. மாலையில் அதன் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே ஊரே உட்கார்ந்தது. கொரகொரப்பு இல்லாத எஃப்.எம். ஒலிபரப்பு இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியதும் சென்னையிலேயே, 1977-இல். அங்கெல்லாம் ஒலிபரப்புவோர் ஒருவர், கேட்போர் பலர். இங்கே இருவரும் ஒரே வீட்டில் இருக்கின்றனர் என்பதைத் தவிர அடிப்படையில் வேறுபாடு அதிகமில்லை.

எவ்வளவு அனுப்ப வேண்டும்

ஒலிநாடாவில் இசை காந்தத் தடமாக இருந்தது. கணினியில் அது எண்களின் வரிசையாக இருக்கிறது. குறுந்தகடு, அதாவது சி.டி., ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இருநிலை இலக்கங்களால், அதாவது 16 பிட்களால், இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டுக்கும் தனித்தனியே குறித்துவைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்கள். ஒரு மணி நேரக் கச்சேரி சுமார் 635 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். 'ஃபிளாக்' என்னும் சுருக்கமுறை இதில் ஓர் எண்ணைக்கூட இழக்காமல் ஏறத்தாழப் பாதி அளவுக்கு மடித்துத் தருகிறது. துணியை மடித்துப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது அப்படியே விரிப்பதற்கு ஒப்பானது அது. எம்.பி.3 முறை மடிப்பதோடு நிற்காமல், காது கவனிக்காது என்று தான் கருதும் பகுதிகளை வெட்டியும் விடுகிறது. வெட்டியதை மறுபடி ஒட்ட வழியில்லை.

ஒரே ஆன்டெனா கொண்ட பழைய வைஃபைகூட ஏட்டளவில் நொடிக்கு 72 மெகாபிட்கள் வரை தாங்கும். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலும் சி.டி. தர ஒலிக்குத் தேவையானதைப்போல் இருபது மடங்குக்கு மேல் அது இருக்கிறது. ஆகவே பாட்டு விட்டுவிட்டு வந்தால் 'ஸ்பீடு பத்தலை' என்று கூடுதல் பணம் கட்டி வேகமான நெட் திட்டத்துக்கு மாறுவது வீண்செலவு. வீட்டுக்குள் ஓடும் இசைக்கும் வெளியே போகும் நெட்டின் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. குறை வேகத்தில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது: எண்கள் சீராக வந்துகொண்டிருக்க வேண்டும், பக்கத்து வீட்டு ரவுட்டரின் அலை குறுக்கே வந்து அரை நொடி தடைபட்டால், அந்த அரை நொடிக்குக் கையிருப்பு இருந்தாக வேண்டும்.

இந்தக் கையிருப்பே இடைத்தேக்கம் எனப்படும். மோட்டார் ஓடும்போது மொட்டைமாடித் தொட்டி நிரம்புகிறது, மின்சாரம் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் வருகிறது; தொட்டி பெரிதாக இருக்கும் அளவுக்குக் குழாயடியில் இருப்பவருக்கு மோட்டார் நின்றதே தெரிவதில்லை. கம்பியில்லா இசையில் எந்த முறை நல்லது, எது தொல்லை தரும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை, தொட்டி எவ்வளவு பெரியது, அது யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

புளூடூத்: எளிது, ஆனால் சிறிய தொட்டி

புளூடூத்துக்கு ரவுட்டர் வேண்டாம். கணினியும் வாங்கும் கருவியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவெளியை 79 சிறு தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவியபடி எண்களை அனுப்புகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான 'எஸ்.பி.சி.' சுருக்கமுறையில் வழக்கமான உச்சம் நொடிக்கு 328 கிலோபிட்கள், அதாவது சி.டி.யில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. சினிமாப் பாட்டைச் சமையல் வேலையோடு கேட்க இது தாராளம். நாகசுரத்தின் குழைவும் தவிலின் வலந்தலை வெடிப்பும் ஒன்றாக எழும் இடங்களிலோ, மிருதங்கத்தின் தொப்பி அடங்கும் கடைசிக் கணத்திலோ காது கொடுத்துக் கேட்பவர் வேறுபாட்டை உணர முடியும். உணராதவர் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

புளூடூத்தில் அடிக்கடி நேரும் இரண்டு கோளாறுகளுக்குக் காரணம் கருவியிலேயே இல்லை. முதலாவது, பாட்டு திடீரென்று தொலைபேசிக் குரல் போல் சப்பையாகிவிடுவது. வாங்கும் கருவியில் மைக் இருந்தால், கணினியில் ஏதேனும் ஒரு செயலி அந்த மைக்கைத் திறந்த மாத்திரத்தில் இணைப்பு இசை முறையிலிருந்து பேச்சு முறைக்கு இறங்கிவிடும். கணினியின் ஒலி அமைப்புகளில் அக்கருவியின் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' பகுதியை முடக்கினால் இது நிற்கும். இரண்டாவது, விட்டுவிட்டு ஒலிப்பது. யூ.எஸ்.பி. 3 வகை ஹார்ட் டிஸ்கும் அதன் கம்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. பாட்டுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை ஒரு துளையிலும் புளூடூத் விசையை (டாங்கிளை) அதற்கு அடுத்த துளையிலும் செருகியிருப்பவர் தமக்குத் தாமே குழி பறித்துக்கொள்கிறார். ஒரு முழ நீள யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி விசையைத் தள்ளி வைத்தால், பத்தில் ஒன்பது முறை வேறு எதுவும் செய்ய வேண்டியிராது.

அசெம்பிள் செட்டில் பொருத்தும் 'யூ.எஸ்.பி. எஃப்.எம். புளூடூத் பலகை' பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். முகப்பில் சிவப்பு எண்கள் ஓடும் இந்தச் சிறு பலகை மலிவாகக் கிடைக்கிறது. பொருத்தியதும் ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்ற இரைச்சலும், தடம் தேடும்போது 'டிக் டிக்' ஓசையும் சேர்ந்துகொள்கின்றன. பலகையும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே மின்வழங்கியையும் ஒரே தரைக்கம்பியையும் பகிர்வதால், பலகையின் எண்முறைப் பகுதி இழுக்கும் துடிப்பான மின்னோட்டம் ஒலிப்பாதைக்குள் நுழைந்துவிடுவதே காரணம். கடையில் பலகையைக் குறைசொல்லி மாற்றித் தரச் சொல்வதால் பயனில்லை. பலகைக்குத் தனியாக 5 வோல்ட் அடாப்டர் கொடுக்கலாம். அல்லது பி0505எஸ் என்னும் சுண்டுவிரல் நகத்தளவு தனிமைப்படுத்தும் தொகுதியை மின்கம்பியின் நடுவே சேர்க்கலாம். அது ஒரு வாட்டுக்குமேல் தாங்காது என்பதால் பென் டிரைவையும் அதே பலகையில் செருகிச் சுமையேற்றக் கூடாது.

வைஃபை: தள்ளுவதும் இழுப்பதும்

வைஃபை வழியாக இசை போகும் முறைகள் பெயரளவில் பல, செயலளவில் இரண்டு. கணினி ஒலித்துக்கொண்டே எண்களை வாங்கும் கருவியின்மேல் தள்ளுவது ஒன்று. கணினி கோப்புகளை வெறுமனே அடுக்கி வைத்திருக்க, வாங்கும் கருவி தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்வது மற்றொன்று. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் 'ஏர்டியூன்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்து, 2010-இல் 'ஏர்பிளே' என்று பெயர் மாற்றிய முறை, கணினியிலிருந்து தள்ளும் வகைக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. விண்டோஸிலும் தொலைக்காட்சிகளிலும் காணப்படும் 'டி.எல்.என்.ஏ.', இழுக்கும் வகையைச் சேர்ந்தது.

தள்ளும் முறையில், கணினியில் ஒலிக்கும் எதையும், அது உலாவியில் ஓடும் காணொளியாக இருந்தாலும், ஸ்பீக்கருக்கு அனுப்பலாம் என்பது வசதி. ஆனால் கணினிக்குள் இருக்கும் கடிகாரப் படிகமும் வாங்கும் கருவியின் படிகமும் ஒருபோதும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். தொட்டி ஒன்று மெல்ல நிரம்பி வழியும், அல்லது வற்றும். நல்ல மென்பொருள் இந்த விலகலை அவ்வப்போது காதுக்குத் தெரியாமல் சரிசெய்கிறது. மட்டமானது அரைமணிக்கொரு முறை 'டக்' என்கிறது. இழுக்கும் முறையில் இச்சிக்கலே எழுவதில்லை: வாங்கும் கருவி தன் கடிகாரத்தின்படி ஒலித்து, தன் தொட்டியில் சில நொடிகளுக்கான இசையை எப்போதும் வைத்துக்கொண்டு, குறையும்போது கோப்பின் அடுத்த பகுதியைக் கேட்டு வாங்குகிறது. சொந்தத் தொகுப்பை நிதானமாகக் கேட்பவருக்கு இழுக்கும் முறையே ஏற்றது என்பது இந்நூலின் முடிவு.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, தயாரித்த நிறுவனத்தின் தொலைதூரச் சர்வர் இல்லாமல் அது இயங்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூகுள் 2015-இல் வெளியிட்ட 'குரோம்காஸ்ட் ஆடியோ' ஒலித்தரத்தில் குறைசொல்ல முடியாத சிறு வட்டு. 2019-இல் அதன் தயாரிப்பு நின்றது. 2025 மார்ச்சில் அதனுள் இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதால், வீட்டு வைஃபை நன்றாக இருந்தும் உலகெங்கும் அந்த வட்டுகள் சில நாள் இயங்க மறுத்து, நிறுவனம் திருத்தம் அனுப்பிய பிறகே மீண்டன. லாஜிடெக் நிறுவனத்தின் 'ஸ்குவீஸ்பாக்ஸ்' கதை இதற்கு நேர்மாறானது. கருவிகளின் உற்பத்தி 2012-இல் நின்றுவிட்ட பிறகும், வீட்டுக் கணினியிலேயே இயங்கும் அதன் சர்வர் மென்பொருளின் மூலநிரல் திறந்ததாக இருந்ததால் ஆர்வலர்கள் அதைப் பேணி வந்தனர். 2024 முதல் 'லிரியன் மியூசிக் சர்வர்' என்ற பெயரில் அது விலையின்றிக் கிடைக்கிறது. மலையூர் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஏற்பாடு, முழுமையாக

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பீரோவின்மேல் தூசி படிந்து கிடக்கின்றன. பேட்டரி செத்துப்போய், புதிய விண்டோஸைத் தாங்கும் வலுவில்லாமல் இருந்தாலும், பாட்டுக் கோப்புகளை அடுக்கி வைத்துக் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அவை தேவைக்கு மேலேயே போதும். இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவி, அதன்மேல் லிரியன் சர்வரையோ, இன்னும் எளிதான 'மினி டி.எல்.என்.ஏ.'வையோ ஏற்றி, பாட்டுகள் இருக்கும் கோப்புறையைக் காட்டிவிட்டால், அது பட்டியல் தயாரித்துக்கொள்ளும். மூடியை மூடினால் உறங்கிவிடும் வழக்கத்தை அமைப்புகளில் நிறுத்திவிட வேண்டும். இதை மறந்துவிட்டு 'நேத்து பாடுச்சே' என்று திகைப்பவர்கள் பலர்.

இந்த மடிக்கணினியை வைஃபையில் இணைக்காமல், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக் குட்டையான லேன் கம்பியால் இணைப்பது நல்லது. கம்பியில்லா இசையைப் பற்றிய இயலில் கம்பியைப் பரிந்துரைப்பது முரணாகத் தோன்றலாம். அனுப்புவதும் வாங்குவதும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு எண்ணும் கணினியிலிருந்து ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து வாங்கும் கருவிக்குமாக இருமுறை காற்றில் பயணப்பட வேண்டியிருக்கிறது. ஒருநேரத்தில் ஒருவரே பேசக்கூடிய அலைவெளியில் நெரிசல் இரட்டிக்கிறது. இடம் மாறாத கருவிக்குக் கம்பி. கம்பி இழுக்க முடியாத தொலைவுக்கு மட்டும் அலை.

வாங்கும் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்னும் கையகலக் கணினிமேல் பி.சி.எம்.5102 சில்லு வைத்த 'டாக்' பலகை, அதாவது எண்களை மீண்டும் ஒலி மின்னலையாக மாற்றும் பலகை, ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து ஆர்.சி.ஏ. கம்பியை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுப்பது சிக்கனமும் தரமும் சேர்ந்த வழி. இயங்குதளமாக 'பைகோர்பிளேயர்' வைத்தால், அது மெமரி கார்டிலிருந்து முழுவதும் தற்காலிக நினைவகத்துக்கு ஏறி இயங்குவதால், திடீரென்று மின்சாரம் போனாலும் கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு குறைவு. மின்வெட்டு உள்ள ஊரில் இது சிறிய ஆதாயமல்ல. அந்தச் செலவும் வேண்டாம் என்பவர்கள், திரை விரிசல் விட்டு மூலையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில், இயர்போன் துளை இருந்தால், 'பபிள் யூ.பி.என்.பி.' போன்ற செயலியை ஏற்றி வாங்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். திரை அணைந்ததும் கைப்பேசி வைஃபையையும் செயலியையும் உறங்கவைத்துவிடும் என்பதால், அச்செயலிக்கு மட்டும் பேட்டரிச் சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும்.

ஒலி அளவை எங்கே குறைப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. கணினியிலோ வாங்கும் கருவியிலோ எண்முறையில் ஒலியைக் குறைத்தால், 6 டெசிபெல் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிட் அளவு நுட்பம் உதிர்கிறது. அங்கே முழு அளவு வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் திருகைக் கொண்டு கூட்டிக் குறைப்பதே சரி. முதன்முறை இயக்கும்போது மட்டும் திருகை முழுவதும் இறக்கி வைத்திருக்க வேண்டும்; டாக் பலகை தரும் ஏறத்தாழ 2 வோல்ட் அலை, கைப்பேசித் துளையின் மெல்லிய அலைக்குப் பழகிய ஆம்ப்ளிஃபையரை அதிரவைக்கும்.

கருவிகள் ஒன்றையொன்று காணாதபோது

எல்லாம் சரியாக நிறுவியும் கைப்பேசியில் சர்வரின் பெயரே தெரியவில்லை என்பதுதான் இந்தத் துறையில் மிகுதியாகக் கேட்கப்படும் முறையீடு. கேபிள்காரர் தந்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் அலை உள்ளறைக்கு எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கம்பியால் அதோடு இணைத்தால், வீட்டுக்குள் ஒன்றல்ல, இரண்டு வட்டங்கள் உண்டாகிவிடுகின்றன. மடிக்கணினி ஒன்றிலும் வாங்கும் கருவி இன்னொன்றிலும் இருந்தால், இரண்டிலும் நெட் ஓடும். ஒன்றையொன்று தேடும் அழைப்பு மட்டும் வட்டத்தைத் தாண்டாது. இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டியில், வந்த கம்பியை 'வேன்' துளையிலிருந்து பிடுங்கி 'லேன்' துளையில் செருகி, முகவரி வழங்கும் 'டி.எச்.சி.பி.'யை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்துவதற்குமுன் அப்பெட்டியின் சொந்த முகவரியை முதல் பெட்டியினதோடு மோதாதபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் கணினி வைஃபையை 'பப்ளிக்' என்று வகைப்படுத்தியிருந்தால் பாதுகாப்புச் சுவர் தேடலைத் தடுக்கும். வீட்டு வட்டத்துக்கு 'பிரைவேட்' என்று மாற்ற வேண்டும். விருந்தினர் வைஃபையில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று காணாமல் இருப்பது கோளாறல்ல, அதன் நோக்கமே அது.

நெட்டே இல்லாத கல்வராயன் மலை வீட்டில் வேலை இதைவிட எளிது. மலிவான ரவுட்டர் ஒன்றை வாங்கி, வெளியிலிருந்து எந்தக் கம்பியும் செருகாமல் மின்சாரம் மட்டும் கொடுத்தால் போதும், வட்டம் உருவாகிவிடும். கைப்பேசி 'இணையம் இல்லை, வேறு இணைப்புக்கு மாறவா' என்று கேட்கும்போது மாற வேண்டாம் என்று சொல்லப் பழகினால் சரி.

சுவரும் பீரோவும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை செங்கல் சுவரை ஓரளவு ஊடுருவும். குறுகிய அலை ஒரு சுவரிலேயே மெலிந்துவிடும். உலோகத்தை இரண்டுமே கடப்பதில்லை. ரவுட்டரை இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, அது கண்ணில் படக்கூடாது என்று செருகி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அலையைப் பொறுத்தவரை அது பெட்டியைக் கிணற்றுக்குள் இறக்குவதற்குச் சமம். தகரத் தடுப்பு வைத்த வீட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அலை அடங்கிவிடும். ஓட்டுக்கூரையும் கல்நார்த் தகடும் அத்தகைய தொல்லை தருவதில்லை. ஆள் உயரத்துக்குமேல், திறந்த அலமாரியில், வாங்கும் கருவிக்கு நேர்பார்வையில் ரவுட்டர் இருக்க வேண்டும். அழகு பார்ப்பவர்கள் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கருணாபுரம் போன்ற நெருக்கமான தெருவில் ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளின் வைஃபை பெயர்கள் கைப்பேசியில் வரிசைகட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே; இடைப்பட்ட 3, 4, 8 என்று எதையாவது தேர்ந்தெடுப்பவர் இரு பக்கத்தாரோடும் சண்டையிடுகிறார். எந்தத் தடத்தில் கூட்டம் குறைவு என்பதை வைஃபை அளக்கும் செயலி ஒன்றால் இரவு எட்டு மணிக்கு, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், பார்க்க வேண்டும். பகலில் பார்த்து முடிவெடுப்பது பயன்படாது. ஒற்றை அறையும் முன்கூடமுமாக உள்ள வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸே சிறந்தது. சுவரைக் கடக்காத அதன் பலவீனம் இங்கே நன்மையாகிறது: பக்கத்து வீட்டாரின் அலையும் உள்ளே வருவதில்லை.

கோப்புகளைப் பற்றி

கர்நாடக இசைக் குறுந்தகடுகளில் ராகம், தானம், பல்லவி ஆகியவை தனித்தனித் தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாடியவர் மூச்சு விடாத இடத்தில் தகடு மட்டும் எண்ணை மாற்றிக்கொள்ளும். இவற்றை எம்.பி.3 ஆக்கினால் அந்தச் சுருக்கமுறை ஒவ்வொரு கோப்பின் முனையிலும் சிறிது வெறுமையைச் சேர்ப்பதால், தானத்தின் கடைசிச் சொல்லுக்கும் பல்லவியின் எடுப்புக்கும் இடையே ஒரு சிறு குழி விழுகிறது. ஃபிளாக்கில் குழி விழாது. ஆயினும் வாங்கும் செயலியில் 'கேப்லெஸ்' என்னும் வசதி இருந்து, அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். டி.எல்.என்.ஏ. செயலிகள் பலவற்றில் இந்த இடம்தான் சறுக்கும், லிரியனில் சறுக்காது.

பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் தமிழிலேயே எழுதி வைக்கலாம். யூனிகோடில் எழுதியவை சர்வரிலும் கைப்பேசியிலும் ஒழுங்காகத் தெரியும். மலிவான புளூடூத் பலகையின் சிறுதிரையில் மட்டும் கட்டங்களாகத் தெரியும். யூனிகோடுக்கு முந்தைய தகுதர எழுத்துருக்களில் பெயரிட்ட பழைய கோப்புகள் பிரெஞ்சு எழுத்துகளும் குறிகளும் கலந்த கோலமாகக் காட்சி தருவது கோப்பு கெட்டுப்போனதால் அல்ல. குறியாக்க மாற்றி ஒன்றில் ஒட்டினால் பெயர் மீண்டுவிடும்.

கடைகளில் கிடைக்காத ஒலிகள் இன்னும் நாடாக்களில் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் தெருக்கூத்தை இரவு முழுவதும் டேப்ரெக்கார்டர் வைத்துப் பதிந்தவர்கள் உண்டு. ஒரு 90 நிமிட நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வதற்குள் அதைக் கணினியில் ஏற்ற, டேப்ரெக்கார்டரின் 'லைன் அவுட்' துளையிலிருந்து கணினியின் 'லைன் இன்' துளைக்குக் கம்பி கொடுத்து, 'ஆடாசிட்டி' மென்பொருளில் பதிய வேண்டும். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடமானது, மேலும் வலுவான அலையில் கரகரக்கும் என்பதால், சிறிய யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பதியும் அளவு உச்சத்தைத் தொடாமல், முகவீணை உச்சத்துக்கு ஏறும் இடத்தில்கூடச் சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிற்கும்படி, நாடாவை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துத் திருகை அமைத்துக்கொண்ட பிறகு, தொடக்கத்துக்குச் சுற்றி மறுபடி தொடங்க வேண்டும்.